பால் நேரத்துச் சாட்சி

மரியபுஷ்பம் மிஸ் நம்மை விட்டுப் போய்விட்டார் என்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் சொன்னபோது, நான் பூண்டுலோயா பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "பொய் சொல்லாதீங்க" என்று கத்தியே விட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் வழக்கம்போல என்னைத் தோற்கடித்திருந்தார்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த பெண்கள் பிள்ளையைக் கேட்டுப் போடும் வழக்கென்றால், எங்கள் நீதிமன்றத்தில் அவர்தான் சட்டத்தரணி. நான் பெரும்பாலும் எதிர்த்தரப்பு.

முதல் வழக்கிலேயே மண்ணைக் கவ்வினேன். இரண்டு வயதுப் பெண் குழந்தை. கொழுந்து பறிக்கும் தாய், பக்கத்துத் தோட்டத்திலிருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். குழந்தை தகப்பனிடம். "பெற்ற பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடியவள்" என்று, தோட்டத் தலைவரின் கடிதத்தைக் காட்டி முழங்கினேன். மிஸ் அழைத்தது ஒரே சாட்சியை. தாய்மார் வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவின் ஆயா அவர். வீட்டை விட்டுப் போன மறுநாளிலிருந்தே தாய் தினமும் பால் நேரத்துக்கு அங்கே வந்து குழந்தைக்குப் பால் கொடுத்ததாக ஆயா சொன்னார்.

நான் விடுவேனா? ஆயாவை மடக்கப் பார்த்தேன்.

"அவ்வளவு பாசம்னா ஏன் வீட்டுக்குப் போகல?"

"வீட்டுல அடிப்பாருங்க ஐயா. காம்பராவுலன்னா நான் இருப்பேன்."

அது சிங்களத்தில் நீதிபதிக்குப் போய்ச் சேருவதற்குள் என் வழக்கு முடிந்துவிட்டது. தோற்றதில் வெட்கமில்லை. நானும் அப்படியொரு காம்பராத் தொட்டிலில் கிடந்தவன். பால் நேரத்துக்கு மலையிலிருந்து இறங்கி ஓடிவந்தவர்தான் என் அம்மாவும். நான் மறந்துபோன இடத்துக்கு மிஸ் சேற்றுச் செருப்போடு ஏறிப் போயிருந்தார்.

பிள்ளை தாயிடம் போனது. சனிக்கிழமைகளில் தகப்பன் காம்பராவில், ஆயா முன்னிலையில் பார்க்கலாம் என்று கேட்டு வாங்கியவரும் மிஸ்தான். வென்ற பிறகு எதற்கு இது என்று கேட்டேன்.

"அவரு அப்பா இல்லன்னு நான் சொல்லலையே தம்பி. கை ஓங்க முடியாத எடத்துல பாக்கட்டும்."

அன்றைக்குப் பிரமித்தவன், இன்னும் அதிலிருந்து மீளவில்லை.

வழக்குக் கோப்பைத் திறக்கும் முன் மலையேறும் பழக்கம் மட்டுமே அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. அதுவும் தாமதமாகத்தான். அடக்கம் முடிந்த மறுவாரம், பிள்ளை வேண்டும் என்று ஒரு தகப்பன் என்னிடம் வந்தார். அவருடைய தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு ஏறினேன். மிஸ் மறைந்த செய்தி அங்கே எட்டியிருக்கவில்லை. ஆயா பாதிக் கதவைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மரியபுஷ்பம் மிஸ் அனுப்புனாங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

கதவைத் திறந்துவிட்டார்.