உத்திராபதிக்குப் பாடாத ஒப்பாரி

கொளஞ்சியம்மாள் ஒப்பாரி எடுத்தால் கொள்ளிடத்தில் ஒரு முழம் தண்ணீர் ஏறும். சரி, ஒரு முழம் என்பது கொஞ்சம் கூடுதல்தான். ஒரு சாண் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் கோடையில் ஏறாது, அப்போது ஆற்றில் மணல்தான் இருக்கும். ஆனால் மாமியார் செத்த வீட்டில் மருமகளைக்கூட மெய்யாகவே அழவைப்பவள் திருமானூர்ப் பக்கத்தில் அவள் ஒருத்திதான். இதில் ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை.

புருஷனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்துவிட்டுப் பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தவள். தம்பி உத்திராபதி தன் வீட்டுச் சுவரை ஒட்டி அவளுக்கு ஒரு கூரை இறக்கிக் கொடுத்தான். நடவு, களையெடுப்பு, கரும்புச் சோகை உரிப்பது என்று கிடைத்த வேலைக்குப் போனாள். ஊரில் சாவு விழுந்தால் மட்டும் எந்த வேலையையும் அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. செத்தவரின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பாள். அந்த நெற்றியிலிருந்தும் மூக்கிலிருந்தும் பாட்டு அவளுக்கு வந்துவிடும்.

பிறகு கண்ணில் புரை விழுந்தது. முதலில் புகை மாதிரி, அப்புறம் பால் மாதிரி, கடைசியில் பகலும் இரவும் மட்டும்தான் பிரிந்து தெரிந்தன. அப்போதும் அவள் எழவு வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. உத்திராபதி தன் துண்டின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பான். அவள் பிணத்தின் முகத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பாடுவாள். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும்.

"எழவு வூட்டுக்கெல்லாம் நாந்தான் உனக்கு டிரைவரு" என்பான் உத்திராபதி.

"வாய மூடிட்டு நட. மேடு பள்ளம் வந்தா சொல்லு."

"எம் மூஞ்சிய மட்டும் இப்படித் தடவாதக்கா. எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. பாடையிலேர்ந்து எந்திரிச்சு ஓடிருவேன். கண்ணால பாத்துதான் பாடணும், ஆமா."

"எனக்கு முன்னால நீ போயிடுவியா? போய்த்தான் பாரேன், கால ஒடச்சிருவேன்."

தொண்ணூற்றெட்டில் மாசி மாதம், திருமானூர்ப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். கொளஞ்சி அசையவில்லை.

"கட்டையில போற வயசுல எனக்கு எதுக்குடா கண்ணு?"

"உனக்கு வேணாம், எனக்கு வேணும். நீ என்னப் பாத்து எத்தினி வருசமாச்சு? மீசையெல்லாம் நரைச்சுப்போச்சு. ஊர்ல எல்லாரும் பெரிய மனுசன்னு வாங்க போங்கங்குறாங்க. நீ ஒருத்திதான் இன்னும் டேய்ங்குற."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தால் சம்மதம் என்று அவனுக்குத் தெரியும்.

முகாமில் டார்ச் அடித்துப் பார்த்து, ஆபரேஷன் உண்டு என்று நெற்றியில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினார்கள். திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறப்போகும் நேரத்தில் பக்கத்துத் தெருச் சம்பூர்ணம் ஓடி வந்தாள். அவள் சில வருஷங்களுக்கு முன்பே ஆபரேஷன் பண்ணிக்கொண்டவள். அந்தக் கண்ணில் பார்வை சரியாகத் திரும்பவில்லை.

"கொளஞ்சி, வந்த பொறவு அழுது மட்டும் தொலைச்சிராத. நான் ஆபரேசன் முடிஞ்சு வந்த வாரமே எம் மாமியா போய்ச் சேந்துச்சு. அழுதேன். உப்புத் தண்ணி பட்டுத் தையல் விட்டுப்போச்சு. இந்தா, இந்தக் கண்ணு அவ்ளோதான்."

"மாமியாளுக்கு நீ அழுதியாக்கும்?"

"உம் பாட்டுதாண்டி அழவெச்சுது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உத்திராபதி சிரிக்கவில்லை. உள்ளங்கையை நீட்டினான்.

"அடிக்கா. ஒரு மாசத்துக்கு ஒரு சொட்டு விடமாட்டேன்னு அடிச்சுச் சொல்லு."

"எவனும் சாவாம இருந்தா நான் எதுக்குடா அழப்போறேன்?" என்று சொல்லி, தட்டுத்தடுமாறி அவன் கையில் அடித்தாள். அதற்குப் பிறகுதான் பஸ்ஸில் ஏறவிட்டான்.

கட்டுப் பிரித்தபோது முதலில் தெரிந்தது ஒரு நர்ஸம்மாவின் மூக்குத்தி. அப்புறம் தன் கைகள். இவ்வளவு நரம்பு எப்போது புடைத்தது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்து, தலைக்குக் குளிக்காதே, கனம் தூக்காதே என்று ஏதேதோ சொன்னார்கள். அவளுக்குத் தலையாட்டத்தான் நேரம் இருந்தது. திரும்பும் வழியெல்லாம் கரும்பு லாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தம்பியின் நரைத்த மீசையைக் கண்டதும் என்ன சொல்லிக் கேலி பண்ணலாம் என்று யோசித்து, இரண்டு மூன்று தயாராகவும் வைத்திருந்தாள்.

திருமானூரில் பஸ் நின்றது. எதிர்வீட்டுப் பழனிவேல்தான் வந்திருந்தான்.

"உத்ரா எங்கடா?"

"வூட்டுல இருக்காருக்கா" என்றான்.

தெருமுனையில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. எந்த அடி எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா? நின்றுவிட்டாள்.

"யாருடா?"

பழனிவேல் துண்டை வாயில் அடைத்துக்கொண்டான். "காலையில கரும்புக் கட்டத் தூக்கையில நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாருக்கா. வண்டி வர்றதுக்குள்ள… நீங்க வரணும்னுதான் எடுக்காம வெச்சிருக்கோம்."

வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வெளுத்த மீசையோடு, கன்னம் ஒட்டிப்போய், யாரோ ஒரு கிழவன். இவனை அவளுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, புருவத்தையும் மூக்கையும் தடவினாள். விரலுக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்தாள். இப்போது கண்ணுக்கும் தெரிந்தது.

பெண்கள் எல்லோரும் வாய் மூடிக் காத்திருந்தார்கள். உத்திராபதியின் மனைவி பாக்யலட்சுமி அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "பாடுங்க அண்ணி. ஊரு சனத்துக்கெல்லாம் பாடுனீங்களே, உங்க தம்பிக்குப் பாடுங்க."

சம்பூர்ணம் பின்னாலிருந்து தலையைப் பிடித்து நிமிர்த்தினாள். "வேணாண்டி. அவன் வாங்கிக் குடுத்த கண்ணுடி. போயிடும்டி."

பாட்டு வந்தது. எந்தச் சாவிலும் அப்படி ஒரு வரி அவளுக்கு வந்ததில்லை.

அக்கா கண்ணத் தெறந்துவெச்சு
உங் கண்ண மூடிக்கிட்டே

தொண்டைவரைக்கும் வந்ததை விழுங்கினாள். பாடினால் அழுகை நிற்காது. அழுதால் கண் போய்விடும். கண்ணோடு அவன் கேட்டு வாங்கிய சத்தியமும் போய்விடும். முகத்தை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, பந்தல் கீற்றை எண்ணுகிறவள்போல நின்றாள். பாடை தெருவைத் தாண்டும்வரை குனியவில்லை.

"ஊருக்கெல்லாம் ஊத்துனா. கூடப் பொறந்தவனுக்கு ஒரு சொட்டு இல்ல. கல்லு" என்று யாரோ சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது.

அந்த மாசம் பாக்யலட்சுமி அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்து வைப்பாள், பேசமாட்டாள். அழுகை முட்டும்போதெல்லாம் கொளஞ்சி மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொண்டாள். மாசம் முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி வந்த ஆஸ்பத்திரிக்காரர்களிடம் சம்பூர்ணம்தான் அவளைக் கூட்டிப்போனாள்.

மூக்குத்தி போட்ட அதே நர்ஸம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். "கண்ணு பளிச்சுனு இருக்கும்மா. இவ்ளோ பத்திரமா பாத்துக்கிட்டவங்கள நான் பாத்ததே இல்ல."

"இனிமே அழலாமாம்மா?" என்று கேட்டாள் கொளஞ்சி.

நர்ஸம்மாவுக்குப் புரியவில்லை. சம்பூர்ணம் முந்திக்கொண்டாள். "இவ தம்பி செத்துப்போச்சும்மா, நீங்க அனுப்புன அன்னிக்கே. அழுதா தையல் விட்டுப்போயிடும்னு நாந்தான் தடுத்து வெச்சிருந்தேன்."

நர்ஸம்மா டார்ச்சை அணைத்தாள். கொளஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும்மா அப்படிச் சொன்னது? கண்ணக் கசக்கக் கூடாதுன்னுதான் சொல்லி அனுப்புனோம். அழுதா ஒண்ணும் ஆகாதும்மா. அன்னிக்கே அழுதிருக்கலாம்."