நாலு பவுன் அம்பு

ஒரே ஒரு தேசத்தில் ஒரே ஒரு வேடன் இருந்தானாம். அவனிடம் வில் இருந்ததாம், அம்பு இருந்ததாம், எதிரே மானும் இருந்ததாம். அம்பு மட்டும் மானுக்குள் போகவில்லையாம். ஏன் போகவில்லை என்று அவன் கேட்பதற்காக ஏழு கடல் தாண்டி தாம்பரத்தில் ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருந்தார்களாம். அந்த ஆள் நான்தான்.

வில் விற்கிறவனுக்கு வில் பிடிக்கத் தெரிய வேண்டாம், ஃபோன் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஆஸ்திரேலியாவில் வேட்டை வில் விற்கும் ஒரு கம்பெனிக்கு, சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மூன்றாவது மாடியிலிருந்து பதில் சொல்கிற வேலை. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, டிகிரி முடித்தவன் எவனைப் பார்த்தாலும் காதில் ஹெட்செட் மாட்டிவிட்ட காலம். காலை ஐந்தரைக்கு ஷிஃப்ட், அங்கே அப்போது பத்து மணி. என் பெயர் சம்பத், ஃபோனில் ஸாம். மூன்று மாதம் ப்ரொபேஷன். மூன்றாவது மாதத்தில் ஒரு அழைப்புக்குச் சராசரியாக ஆறு நிமிடத்துக்குள் பேசி முடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மதுராந்தகத்தில் மாமாவின் சிமெண்ட் கடை. காது மடல் சிவக்க உழைத்த சக ஜீவன்களே, இதற்கு மேல் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஜெயில்

பயிற்சி ஐந்து நாள். வில்லின் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, எது கயிறு, எது சக்கரம் (இந்தக் காலத்து வில்லுக்குச் சக்கரமும் உண்டு) என்று காட்டினார்கள். கையில் தொட்டுப் பார்க்க ஒரே ஒரு கார்பன் அம்பு. யாரும் யாரையும் குத்திவிடக் கூடாதென்று அதன் முனையைக் கழற்றியிருந்தார்கள். அதற்கு முன் நான் நேரில் பார்த்த ஒரே வில், பக்கத்து வீட்டுக் கொலுவில் ராமர் கையில் இருந்தது. அதுவும் பாதி உடைந்தது.

ஆறாம் நாள் ஒருவர் கூப்பிட்டார். எழுபது பவுண்டு பலத்தில் இழுக்கிற வில்லுக்கு எந்த அம்பு என்று கேட்டார். அட்டவணையைப் பார்த்துச் சொன்னேன். மனிதருக்கு மகிழ்ச்சி. "அது சரி, நீ கடைசியாக எப்போது மான் அடித்தாய்?" என்றார். இதற்குக் கம்பெனி எழுதிக் கொடுத்த பதில் ஒன்று உண்டு. பதற்றத்தில் அது மறந்து உண்மை வந்துவிட்டது. "எங்கள் ஊரில் மான் அடித்தால் ஜெயில், சார்" என்றேன்.  அவர் ரொம்பக் கரிசனமாகக் கேட்டார்: "பாவம்ப்பா, அங்கே உள்ளே ஃபோனெல்லாம் கொடுக்கிறார்களா?"

மூணு பவுன், நாலு பவுன்

அம்பின் எடையை கிரெயின் என்கிற கணக்கில் சொல்வார்கள். முன்னூற்றெழுபது கிரெயின், நானூற்றுத் தொண்ணூறு கிரெயின் என்று காகிதத்தில் இருக்கும். கனமா லேசா என்று மனசில் ஒன்றும் பதியவில்லை. அடுத்த நாற்காலி ரஹ்மத்துதான் வழி கண்டுபிடித்தான். பல்லாவரத்துப் பையன், அப்பாவுக்குக் கறிக்கடை, வீட்டில் அக்கா கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பவுனுக்கு எட்டு கிராம் என்று கால்குலேட்டரைத் தட்டி, முன்னூற்றெழுபது என்றால் மூன்று பவுன், நானூற்றுத் தொண்ணூறு என்றால் கிட்டத்தட்ட நாலு பவுன் என்றான். அன்றிலிருந்து அம்பு எனக்குப் புரிய ஆரம்பித்தது.

ஒரே வில்லில் மூணு பவுன் அம்பு வேகமாகப் போகும், நாலு பவுன் அம்பு மெதுவாகப் போகும். எடையையும் வேகத்தையும் வைத்து சக்தியைக் கணக்குப் போட்டால், மெதுவாகப் போகிற நாலு பவுன்தான் ஒரு இம்மி அதிகம் வாங்கிக்கொண்டு போகிறது. உள்ளே இறங்குவதிலும் அதுதான் கெட்டி. வில்லும் குறைவாகச் சத்தம் போடும், மான் சுதாரிக்காது. நான் இதை வியந்து வியந்து ரஹ்மத்திடம் சொன்னேன். அவன் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: "எங்க வூட்ல நாலு பவுனுக்கு நாலு மாசமா பேஜாராகீது. அங்க இன்னாடான்னா மானு மேல விட்டு எறியறானுங்க."

ம்

என் குரல் சின்னது. "ஸாம், கிணற்றுக்குள் இருக்கிறாயா?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. அதைக்கூட மன்னித்தார்கள். மன்னிக்காதது என்னுடைய 'ம்'.

தாத்தா கதை சொன்னால் நாங்கள் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பிள்ளை தூங்கிவிட்டான் என்று ராஜாவைக் குதிரை மேலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். ராஜா இறங்க வேண்டுமே என்று நான் விடாமல் கொட்டுவேன். அந்தப் பழக்கம் அப்படியே ஹெட்செட்டுக்குள் வந்துவிட்டது. வேட்டைக்காரனோ உலகத்தில் எங்கிருந்தாலும் கதைக்காரன். கயிற்றுக்கு மெழுகு கேட்க வருவான். நான் 'ம்' என்பேன். அவன் காட்டுக்குள் போய்விடுவான். மெழுகு விற்க இருபது நிமிடம் ஆகும். இரண்டாம் மாதம் பாதியில் என் சராசரி பதினொரு நிமிடம். எங்கள் டீம் லீடர் நிர்மலா மேடம் நல்லவர். கோபம் வந்தால் குரலை உயர்த்தாமல் பேனாவை மூடி வைப்பார். மூடி வைத்தார். "கதை கேக்கறதுக்கு சம்பளம்னா, நான் எங்க மாமியாரையே இங்க உக்கார வெச்சிருப்பேனே சம்பத்."

பலகை எலும்பு

அந்த வாரம்தான் காலின் லைனில் வந்தார். ரிட்டயரான பஸ் டிரைவர். (அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன், வசவுகளைக் கழித்துக்கொண்டு.) கடையில் இருப்பதிலேயே வேகமான, விலை உயர்ந்த வில் வேண்டும் என்றார். எங்கள் மாடியில் ஒரு விதி உண்டு: அந்த வில்லில் ஒன்று விற்றவனுக்கு நேரக் கணக்கே கிடையாது, நேராக நிரந்தரம். விரல் ஆர்டர் பட்டனுக்குப் போய்விட்டது. பழக்க தோஷம், எதற்குப் புது வில் என்று கேட்டுவிட்டேன்.

புள்ளிமானாம். மூணு பவுன் அம்பு. தோளில் பட்டு நின்றுவிட்டது. அம்போடு மான் புதருக்குள் ஓடியது. "இரண்டு நாள் தேடினேன். கழுகு வட்டமடிக்கிறதா என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை" என்றார். அதற்குப் பிறகு வில்லைத் தொடவில்லையாம். வேகமான வில்லாக இருந்திருந்தால் உடனே செத்திருக்கும் இல்லையா என்றார். 'ம்' போட்டு முடிக்கிற கேள்வி இல்லை அது. லைனை ஹோல்டில் போட்டு ரஹ்மத்தைக் கேட்டேன். அவன் தன் சட்டையிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினான். "முன்னங்கால் மேல பலகை எலும்பு கீதுடா. அதுல எங்கப்பா கத்தியே திரும்பிக்கும். காலுக்குப் பின்னாடி நாலு விரல் தள்ளி வெறும் விலாதான். உள்ள நுரையீரல்."

திரும்ப வந்து, எலும்பு தெரிந்த நண்பர் ஒருவரைக் கேட்டேன் என்று காலினிடம் மெல்லச் சொன்னேன். உங்களிடம் இருக்கிற வில்லே போதும். அம்பைக் கனமாக்குங்கள், முனை கூர்மையாக இருக்கட்டும், மான் பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருங்கள், காலுக்குப் பின்னால் நாலு விரல். எங்கள் ஊரில் எலெக்ட்ரிக் ட்ரெயின் விருட்டென்று வரும், பிரேக் போட்டால் நின்றுவிடும். கூட்ஸ் வண்டி மெதுவாகத்தான் வரும், ஆனால் அதை நிறுத்துவது கஷ்டம். உங்களுக்கு வேண்டியது கூட்ஸ் வண்டி, சார். அவர் நாலு பவுனில் ஆறு அம்பும் ஒரு பெட்டி முனையும் வாங்கினார். முப்பத்து நாலு நிமிடம். என்னை நிரந்தரமாக்க வந்த வில் கடையிலேயே தங்கிவிட்டது. வைக்கும் முன் கேட்டார்: "எலும்பு சொன்ன உன் நண்பர் எந்த யுனிவர்சிட்டி?"

நன்றி

மூன்றாம் மாதம் நான் திருந்தினேன். கதை ஆரம்பிக்கிற வாசனை வந்தாலே, "வேறு ஏதாவது உதவி வேண்டுமா, சார்?" என்பேன். உலகத்தில் எந்தக் கதையையும் கொல்ல அந்த ஒரு வாக்கியம் போதும். கடைசி நாள் மதியம் என் சராசரி ஐந்து நிமிடம் ஐம்பத்தேழு வினாடி. மாமாவின் கடை புகையாக மறைந்துகொண்டிருந்தது. ஷிஃப்ட் முடிய முக்கால் மணி. ரஹ்மத் முகமெல்லாம் சிரிப்பாக எட்டிப் பார்த்தான். "மச்சான், உன் காலின் லைன்ல கீறாரு. உன்கிட்டதான் பேசுவாராம்" என்று சொல்லிக்கொண்டே மாற்றிவிட்டான்.

வாங்குவதற்கு ஒன்றுமில்லை, நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார் காலின். "விடியற்காலையில் போய் உட்கார்ந்தேன், ஸாம்." இங்கேதான் நான் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். உதடு வரை வந்தது. இருபது கஜத்தில் ஒரு மான் வந்து நின்றதாம். தோளைக் காட்டிக்கொண்டு நின்றதாம். காத்திருந்தாராம். மான் அங்கே நிற்கிறது, அவர் வில்லை இழுத்துப் பிடித்திருக்கிறார். அப்படியே விட்டுவிட்டு எப்படி எழுந்து போவது? "ம்" என்றேன். கதை முடிய முப்பத்தாறு நிமிடம். ஒரே அம்பு. ஐம்பது தப்படி நடந்து படுத்துக்கொண்டதாம். "இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை" என்றபோது அவர் குரலும் என் அளவுக்குச் சின்னதாகிவிட்டது.

என் சராசரி ஆறு நிமிடம் இரண்டு வினாடி. நிர்மலா மேடம் அந்த அழைப்பை முழுக்கக் கேட்டிருந்தார் போல, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார். "ரூல் என் கையில இல்லப்பா. அந்த மனுஷன் கொஞ்சம் நன்றி கெட்டவனா இருந்திருந்தா, நீ இன்னிக்கு கன்ஃபர்ம்."

கணக்கு

அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கீழே வந்தேன். ரஹ்மத் டீக்கடை ஓரம் நின்றிருந்தான். லைனை மாற்றிவிட்ட குற்ற உணர்வு முகத்தில் தெரிந்தது. டீ வாங்கிக் கொடுத்தான். கிளாஸ் காலியான பிறகு, "சிமெண்டு மூட்டை ஒண்ணு எத்தினி பவுன்டா?" என்றான்.

"ஆறாயிரத்து இருநூத்தி அம்பது" என்றேன். போன மாதமே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அவன் அதற்குள் ஸ்டேஷன் படிக்கட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டான். பாதி தூரத்தில் திரும்பிப் பார்க்காமலே காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக் கத்தினான்: "சத்தமா பேசுடா ஸாம், கிணத்துக்குள்ள கீறியா?"

மூன்று மாதத்தில் நான் குறி சொல்லிக் கொடுத்த அத்தனை அம்புகளிலும், இலக்குத் தப்பாமல் தாம்பரம் வரைக்கும் வந்து சேர்ந்தது காலினின் அந்த நாலு பவுன் அம்பு ஒன்றுதான்.