காதுக்குள் பார்க்கும் கண்ணாடி

கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த பிறகும் நான் பெங்களூரு வேலையை விடவில்லை. லென்ஸ் வடிவமைக்க ஒரு கணினி போதும். அப்போது எங்களுக்கு வந்திருந்த வேலை, காதுக்குள் விட்டுப் பார்க்கும் சிறிய கேமராவுக்கு விரல்நகத்தைவிட மெல்லிய லென்ஸ். இதில் கண்ணாடியை வளைப்பதில்லை. தட்டையான கண்ணாடிச் சில்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத தூண்களை நெருக்கமாக எழுப்புவோம். தூண்களின் பருமனை இடத்துக்கு இடம் மாற்றினால் ஒளி ஓரிடத்தில் வந்து குவியும்.

முதல் மாதிரி கூரியரில் வந்தது. பிரித்து மேஜையில் வைத்துவிட்டு, போன் வந்ததால் மாடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவர் வேலை முடிந்து வந்து மேஜையருகே நின்றிருந்தார்.

"ஏளா, இந்தக் கண்ணாடில டீசல் படிஞ்ச மாதிரி கெடந்துச்சு. தொடச்சு வச்சிட்டேன்."

"எதை வச்சுத் தொடச்சீங்க?"

"சட்டையாலதான்."

அந்த டீசல் நிறம்தான் தூண்கள்; சட்டை உரசியதில் அவை முறிந்துபோயிருந்தன. கேமராவில் பொருத்திப் பார்த்தேன். நடுவில் ஒரு வெள்ளைப் புகை, அவ்வளவுதான். சில்லைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மேலதிகாரியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காது டாக்டர் இதை எப்படித் துடைப்பார் என்று மட்டும் கேட்டார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அழுத்தித்தான் துடைப்பார். லென்ஸை மூடுவது கேமரா செய்பவர்கள் பாடு என்று நாங்கள் விட்டிருந்தோம். மேலே இன்னொரு கண்ணாடி ஒட்டினால் தடிமன் கூடிவிடும்.

சில்லைத் திருப்பி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வழவழப்பான பக்கம் வெளியே, தூண்கள் உள்ளே. ஆனால் ஒளி முதலில் கண்ணாடிக்குள் புகுந்து வளைந்த பிறகே தூண்களைத் தொடும் என்பதால், பழைய கணக்கு எதுவும் உதவாது. ஐப்பசி மழை முழுக்க அந்தக் கணக்கிலேயே போனது.

புதிய மாதிரியைக் கேமராவில் பொருத்தி, என் கணவர் காதிலேயே முதலில் வைத்துப் பார்த்தேன். ஓரங்கள் மங்கல், சிவப்பு சற்றுக் கலங்கியிருந்தது. நடுவில் செவிப்பறை, முத்துச்சிப்பியின் உள்பக்கம் போல வெளிறித் தெளிவாகத் தெரிந்தது. அவர் தலையைச் சாய்த்தபடியே கணினித் திரையை எட்டிப் பார்த்தார்.

"உள்ள ஓட்டை ஒண்ணும் இல்லல்லா?"

இல்லை என்றேன். அவர் அடுத்த காதையும் காட்டினார்.