தேவசி கொண்டுவந்த அப்பம்

நேற்று பெரிய வியாழன். மாலையில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே பெசகா அப்பம், பெரிய வியாழன் இரவு மலையாளக் கிறிஸ்தவ வீடுகளில் பிட்டுப் பகிரும் புளிக்காத அப்பம். குருத்தோலைச் சிலுவை இருக்க வேண்டிய இடத்தில் சிலுவை அச்சடித்த ஸ்டிக்கர். “பேக்கரியில கிட்டும் சேச்சி, நல்ல சாஃப்டா இருக்கு” என்றாள். கூடவே சின்னப் புட்டியில் அப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் வெல்லப்பால்.

நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் என் கோபம் இப்போதெல்லாம் கட்டுத்தறியில் நிற்பதில்லை. ஸ்டிக்கர்மேல்கூடப் பாய்ந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நோன்புக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், தோப்பும்படி ரோட்டில் என் மகளின் ஸ்கூட்டரை ஒரு கார் இடித்துத் தள்ளியது. கார் நிற்கவில்லை. மீன் விற்றுவிட்டுத் திரும்பிய இரண்டு பேர்தான் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். கார் யாருடையது என்று பிறகு தெரிந்தது. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பீடத்தில் நின்று கணீரென்று வேதம் வாசிப்பவர். இன்றுவரை எங்கள் வாசலுக்கு வரவில்லை. வக்கீலை அனுப்பினார். “பொண்ணு போன்ல பேசிக்கிட்டே ஓட்டிச்சு” என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்தார். அவள் பேசவில்லை. போன் அவள் பைக்குள் கிடந்தது.

அன்றிலிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். ஜெபமாலை உருட்டிக்கொண்டே ஒரு மனிதரைத் திட்ட முடியும் என்பதையும் கற்றுக்கொண்டேன். ‘அருள் நிறைந்த மரியே’க்கும் அடுத்த ‘அருள் நிறைந்த மரியே’க்கும் நடுவில் போதிய இடம் இருக்கிறது.

இதற்கு நடுவில் ஜெபக்கூட்டத்துப் பெண்கள் வந்தார்கள். சாயா குடித்தார்கள். “இயேசு சிலுவையில் கெடந்துட்டே க்ஷமிச்சாரே மோளே, நீயும் க்ஷமிச்சு விடு” என்றார்கள். ஏதோ அடுப்பில் இருப்பதை இறக்கிவை என்பதுபோல. மகளோ உள்ளறையில் கழிவறைக்குப் போக என் தோளுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அதிருக்கட்டும். புட்டியைத் திறந்ததும் சுக்கு வாசனை வந்தது. சுக்கு என்றால் எனக்கு அப்பா.

இன்று வெளிநாட்டுக்காரர்கள் காபி குடிக்கும் பஜார் ரோட்டுக் கட்டடங்கள் அன்று கிடங்குகள். முற்றம் முழுக்க இஞ்சி காயும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த அப்பா அங்கே மூட்டை எடை போட்டார். அவர் சட்டை, துண்டு, அவர் தொட்ட எங்கள் பாடப்புத்தகம் எல்லாம் சுக்கு மணக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே ‘சுக்குக் காப்பி’. அதற்குக்கூட அன்று கோபப்பட்டேன், பிறவிக் குணம்.

பெசகா அப்பம் எங்கள் ஊர் வழக்கமில்லை. இங்கே வந்து அண்டை வீட்டாரைப் பார்த்து அம்மா கற்றுக்கொண்டாள். அரிசிமாவு, உளுந்து, தேங்காய், சீரகம் எல்லாம் அவர்கள் போடுகிறபடிதான் போடுவாள். அப்பம் மட்டும் செங்கல்லாக வரும். வீட்டுக்குப் பெரியவர் ஜெபம் சொல்லி அதைப் பிட்டு எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அப்பா பிடுவதற்குள் வியர்த்துவிடும். “ஏட்டி, இத எடைக்கல்லுக்குப் பதிலா வைக்கலாம்” என்பார்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் அப்பம் சுடமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த வழக்கமும் எங்களுக்கு வேண்டியிருந்தது. என் தம்பி அந்தோணியை, கிடங்குக்குள் ரிவர்ஸில் வந்த லாரி ஒன்று சுவரோடு அடித்துவிட்டது. அவனுக்கு ஆறு வயது. லாரி ஓட்டியவர் தேவசி. அப்பாவின் கிடங்குக்குத் தினமும் சரக்கெடுக்க வருகிறவர்.

அந்த வருடம் பெரிய வியாழனன்று வீடு வீடாக அப்பம் வந்தது. எல்லோரும் போன பிறகு, வாழையிலை மூடிய தட்டோடு தேவசி வாசலில் நின்றார்.

அப்பா எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. “எந்த மொகத்த வச்சிட்டுல வந்தே?”

“மொகம் ஒண்ணும் இல்ல சேட்டா. பெண்டாட்டி உண்டாக்கினா. எங்க ரெண்டு பேருக்கும் தொண்டையில எறங்கல. எறியணும்னா எறிஞ்சுக்கோ.”

அம்மா வந்து தட்டை வாங்கினாள். பெண்கள் அப்பத்தைப் பிடுவதில்லை. அன்று அவள்தான் பிட்டாள். முதல் துண்டைத் தேவசியிடம் நீட்டினாள்.

“தின்னும். எம்பிள்ள வீட்டுல வந்துட்டுத் தின்னாமப் போவக்கூடாது.”

தேவசி வாயில் வைத்தார். விழுங்க முடியாமல் அழுதார். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். திரும்பாமலே கத்தினார்: “வந்த ஆளுக்கு ஒரு சாயா போட மாட்டியாட்டி? என்ன வீடு இது!”

‘மன்னித்தேன்’ என்ற சொல்லை அன்று யாரும் சொல்லவில்லை. அதன் பிறகும் அதே கிடங்கு, அதே லாரி. காலையில் சோற்றுத் தூக்கோடு அப்பாவுடன் கிடங்குவரை போகும்போது பார்ப்பேன். லாரியைக் கண்டதும் நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகுதான் உள்ளே போவார். எத்தனையோ வருடம் அப்படி. பெரியவளானபின் ஒருநாள், “உமக்கு ரொம்பப் பக்திதான்” என்று கேலி செய்தேன்.

“பக்தியா? மண்ணாங்கட்டி! இந்தக் கை நெத்திக்குப் போவாட்டி, தரையில கெடக்க கல்லுக்குப் போவும். இயேசு அங்க சிலுவையில தொங்கிட்டுக் கெடக்காருன்னு நெனச்சாத்தான் கை நிக்குது.”

சிலுவைப்பலி எப்போதோ நடந்து முடிந்துவிட்டதாக ஜெபக்கூட்டத்துப் பெண்கள் பேசுகிறார்கள். அப்பாவுக்கு அது கிடங்கு வாசலில் தினமும் நடந்தது. தினமும் அவருக்கு வலித்தது. அந்த வலி தெரியாதவர்கள் என்னிடம் வந்து ‘விட்டுவிடு’ என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா? நீங்களே சொல்லுங்கள்.

நேற்றிரவு சாப்பிடும்போது மகள் கேட்டாள்: “அந்த அங்கிள் வந்தா நீ கதவத் தொறப்பியாம்மா?”

“தொறப்பேன். தொறந்துட்டு நாலு வார்த்தை நல்லாக் கேப்பேன்.”

“கேட்டுட்டு?”

“உள்ள வரச் சொல்லுவேன்.”

“பாவம், அதுக்கு வக்கீலே மேல்னு ஓடிருவார்” என்று சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

கிடங்குகள் போனதற்காக நான் அழவில்லை. இஞ்சி காயாத முற்றங்களில் நாற்காலி போட்டுச் சம்பாதிக்கிறார்கள், சம்பாதிக்கட்டும். செய்தவனே தான் செய்ததைச் சுமந்துகொண்டு, அடி விழுந்தாலும் விழட்டும் என்று நடந்து வந்தானே, அந்த நடைதான் போய்விட்டது. இப்போது அவனுக்கு வக்கீல் இருக்கிறார். நமக்கு உபதேசம் மிஞ்சியிருக்கிறது.

இன்று பெரிய வெள்ளி. பிற்பகலில் கோயிலில் ஆண்டவருடைய பாடுகளை வாசிக்கப் போகிறவர் அந்தக் கார்க்காரர்தான். நான் முதல் வரிசையில் உட்காரப் போகிறேன், கோபத்தோடுதான். பாதியில் எழுந்து போய்விடாமல் வாசித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க முடிந்தால் இன்றைக்கு அது போதும்.