இன்ஜினுக்குக் கட்டிய காப்பு

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. என் மகனின் பழைய லோடு ஆட்டோவில் இளநீர் விற்றுத்தான் அடுப்பு எரிகிறது. போன மாதம் அதில் வேறு இன்ஜின் மாற்றினான். புகை சோதனையில் தேறாமல் வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. கிரிவலக் கூட்டம் வரும் பௌர்ணமியோ நெருங்கிவிட்டது.

முதல் சோதனையில் தேறவில்லை. மெக்கானிக் டீசல் பம்பைக் கழற்றிச் சரிபார்த்து மாட்டினார். மறுபடி வேங்கிக்கால் புகை சோதனை நிலையத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அப்போதும் கன்னங்கரேலென்று புகை. “ரொம்ப ஜாஸ்திங்க” என்று கையை விரித்தார் சோதனை செய்தவர்.

மகன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். “எடைக்குப் போட்டுடலாம்மா. நான் எங்கனா கூலிக்குப் போறேன்.”

“அண்ணாமலையாரே, உன் விபூதியத்தானே இன்ஜினுக்கு வெச்சேன்!” என்று அழுதுவிட்டேன்.

“எங்கம்மா வெச்ச?” என்று நிமிர்ந்தான் மகன்.

காட்டினேன். இன்ஜின் மாற்றிய அன்று, திருஷ்டி படக் கூடாதென்று, விபூதியும் தீப மையும் மஞ்சள் துணியில் முடிந்து, விழாத இடமாகப் பார்த்து ஒரு குழாய்க்குள் செருகியிருந்தேன்.

சோதனை செய்தவர் அதை உருவினார். “இன்ஜின் காத்து இழுக்கிற குழாய் ஆயா இது! மூக்க அடைச்சிட்டு ஓடுன்னா எப்டி?”

மறுபடி பார்த்தார்கள். தேறிவிட்டது. மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இன்ஜின் மாற்றிய அன்று பட்டறையில் ஆண்களாக நின்றதால், கேட்க வெட்கப்பட்டு நானே செருகினேன். இப்போதெல்லாம் எலுமிச்சம்பழம் கட்டுவதென்றாலும், “இங்க கட்டலாமாப்பா?” என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுகிறேன்.