எங்கள் மாடுகளை இறக்கிக்கொண்டு போன பாஸ்டர்

பாஸ்டர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனாரா, மாடு பாஸ்டரைப் பிடித்துக்கொண்டு போனதா என்று இன்றைக்கும் எங்களால் சொல்ல முடியாது. கொட்டுகிற மழையில், காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னுடைய ராணியின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி தேயிலை மலையின் குறுக்குப் பாதையில் அவர் சறுக்கிச் சறுக்கி இறங்கினார். ராணி நிறைமாதச் சினை. அதற்குப் பிடிக்காத ஆள் கயிற்றைத் தொட்டால் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடும். இரண்டு தடவை அவரை வடிகால் கானுக்குள் இழுத்துப் போட்டது. லயத்து வாசலில் நின்று நாங்கள் பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். "கயித்த விட்றாதீங்க பாஸ்டர், விட்டா அது ஒங்க ஊரு கினிகத்தேனைக்கே போயிரும், ஒங்க வீட்ல பால் கறந்துக்குவாங்க!" என்று கத்தியது நான்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் வட்டவளைக்கு மேலே. மழை பெய்தால் அது இங்கே செய்தி ஆகாது. வெயில் அடித்தால்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். மேல் டிவிசனில் ஒரே வரிசையாகப் பதினான்கு காம்பரா வீடுகள் கொண்ட லயம் எங்களுடையது. பின்னால் தேயிலை மலை, முன்னால் மாட்டுக் கொட்டில்கள், அரை மைல் கீழே ஒரு திட்டின் மேல் எங்கள் சின்ன வேதக்கோயில். லயத்தில் பாதிப் பேர் வேதக்காரர்கள், பாதிப் பேர் மாரியம்மன் கோயில்காரர்கள். ஆண்களில் பலர் கொழும்பில் வேலை. என் வீட்டுக்காரரும் அப்படித்தான். நானும் மகளும்தான் வீட்டில். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் இன்று தாங்களே பிள்ளை பெற்றுவிட்டார்கள். அதனால் லயத்தில் என் வாய்க்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. நான் எழுந்தால் எழுவார்கள், உட்கார்ந்தால் உட்காருவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நினைத்து நினைத்து நான் நடுங்கியது இதனால்தான்.

பாஸ்டர் எங்களிடம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என் மகனாக இருக்கக்கூடிய வயது. கினிகத்தேனை பஜாரில் வளர்ந்தவர். மாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது பால் கொடுக்கும் என்பதுதான். ஆள் ஒல்லி, குரல் மெல்லிசு, பிரசங்கம் சின்னது. ஆனால் கவலைப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு குழந்தை மூன்று முறை இருமினால் போதும், ஆமென் சொன்ன கையோடு அதன் தாயிடம் போய் நிற்பார். யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்கள் வீடு திரும்பும் வரை நாலு தடவை போன் எடுப்பார். எங்கள் பெண்கள் அவருக்குப் பின்னால் 'பயந்த பாஸ்டர்' என்று பேர் வைத்திருந்தோம். அந்தப் பேரும் நான் வைத்ததுதான், என்ன செய்வது.

அந்த மழையின் நாலாம் நாள், அடுத்த டிவிசனில் படுக்கையாகக் கிடந்த ஒருவரைப் பார்க்க அவர் எங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள மலை வழியாக ஏறிப் போயிருக்கிறார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிலம் வெடித்திருந்ததைப் பார்த்திருக்கிறார். உள்ளங்கை அகலம். வெடிப்பின் இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி நட்டு, நடுவில் நூல் கட்டிவிட்டு வந்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் நூல் அறுந்து கிடந்தது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் ஓடினார், கிராம சேவகரிடம் ஓடினார். அவர்களும் வந்து பார்த்துவிட்டு, மண்சரிவு அபாயம், எல்லோரும் ரோட்டோரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று கையில் கடதாசி கொடுத்தார்கள். நாங்களும் தலையை ஆட்டினோம். ஒருவரும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று வெளியூர்க்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். வருஷா வருஷம் மழைக்கு அந்தக் கடதாசி வரும். போய்ச் சீமெந்துத் தரையில் மூன்று நாள் படுத்து, பிள்ளைகளுக்குக் காய்ச்சலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் கோழி இருக்காது. மாட்டுக்கு யார் புல் போடுவது? பதினான்கு வீட்டுக்கும் ஒன்பது மாடு. பள்ளிக்கூடத்தில் மாட்டுக்கு இடம் இல்லை. மலையோ எங்கள் தாத்தா காலத்திலிருந்து நிற்கிறது.

பாஸ்டர் வந்து கெஞ்சினார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டேன்: "என்னங்க பாஸ்டர், போன ஞாயித்துக்கெழமதான கவலைய எல்லாம் ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சிட்டு நிம்மதியா தூங்குங்கன்னு சொன்னீங்க? இப்ப நீங்களே தூங்க விட மாட்டேங்கிறீங்களே!"

"தூங்கத்தான் அக்கா சொன்னேன். இங்க தூங்கச் சொல்லல."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ராணிய விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன். அதுக்கு மாசம் நெருங்கிருச்சு. போங்க, போய் வேற வேல இருந்தா பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் கொஞ்ச நேரம் மழையில் நின்றார். மறுநாள் காலையில் கயிற்றோடு வந்தார்.

உயிரைக் காப்பாற்ற வாருங்கள் என்று கூப்பிட்டபோது வராதவர்கள், மாடு போனதும் பின்னாலேயே போனோம். அவரவர் மாட்டை அவரவர் பார்த்தாக வேண்டும் அல்லவா! ஒன்பது மாட்டையும் அன்றைக்கே இறக்கிவிட்டார். ஞாயிறுபள்ளிக் கொட்டகைக்குள் மாடுகள், கோயிலுக்குள் நாங்கள். வேதக்காரர், மாரியம்மன் கோயில்காரர் என்ற கணக்கே இல்லை. கோயில் சாவி வைத்திருந்த மூப்பர் மட்டும் கொதித்துப் போனார். "பரிசுத்த எடத்துல சாணி யாரு அள்ளுறது?" என்று கேட்டார். "நான்" என்றார் பாஸ்டர். சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தேன். விடிந்து பார்த்தால் மண்வெட்டியும் கையுமாக நிற்கிறார். அள்ளி முடித்து, கழுவிவிட்டு, ரோட்டோரத்தில் மானாப்புல் அறுத்துத் தலையில் சுமந்து வந்து போட்டார். அதன் பிறகு மலைக்கு ஏறிப் போய் வெடிப்பைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஜெபம் பண்ணிவிட்டு வருவார். தினமும் இதே வேலை. அந்த ஞாயிறு திருவிருந்தில் அவர் அப்பத்தைப் பிட்டு என் கையில் வைத்தபோது, எத்தனை தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினாரோ, சாணி வாசம் போகாமல் இருந்தது. நான் முகத்தைச் சுளித்தேன். அந்தச் சுளிப்பை நினைத்தால் இன்று எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினோம். மலை அப்படியே நிற்கிறது, நாங்கள் மட்டும் அகதி மாதிரி கிடக்கிறோம். பாஸ்டர் ஒவ்வொரு நாளும் "இன்னும் ரெண்டு நாள் மட்டும்" என்பார். அடுத்த ஞாயிறு பின்னேரம் மறுபடி ஒரு பாட்டம் மழை கொட்டிவிட்டு ஓய்ந்தது. திங்கட்கிழமை காலை எனக்குப் பொறுமை போய்விட்டது. ராணி கன்று போடுகிற நேரம். சொந்தக் கொட்டிலில் போடட்டும் என்று கயிற்றை அவிழ்த்தேன். மகள் பாயைச் சுருட்டினாள். நான் எழுந்தால் எழுவார்கள் என்று சொன்னேனே, எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் பிள்ளைகளோடும் மூட்டைகளோடும் கிளம்பிவிட்டார்கள்.

குறுக்குப் பாதை தொடங்குகிற வளைவில் பாஸ்டர் எதிரே வந்தார். மேலே போய்விட்டு ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. "லயத்து ஊத்துப் பீலியில தண்ணி செகப்பா வருது அக்கா, ஒரே மண்ணு. இன்னைக்கு மட்டும் வேணாம்."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க."

அவர் பாதையை மறித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நின்றார். ஒல்லிக்குச்சி உடம்பு, நான் ஒரு தள்ளுத் தள்ளினால் கானில் விழுவார். அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னேன்: "ஆண்டவர நம்பாத பாஸ்டரு எங்களுக்கு எதுக்கு? நம்பிக்க இருந்தா இப்பிடியா நடுங்குவீங்க?"

விரித்த கையை அவர் இறக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "நம்பிக்க இல்லன்னே வச்சிக்கங்க அக்கா. ஆனா மேல போகாதீங்க" என்றார்.

ஒரு போதகரால் அப்படிச் சொல்ல முடியுமா? தன் விசுவாசத்தையே எங்கள் காலடியில் போட்டுவிட்டு நின்றார். நான் ராணியின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்ட நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது. பத்து லொறி ஒரே நேரத்தில் கல்லைக் கொட்டுகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த தேயிலை, நிரை குலையாமல், செடிகள் நின்றது நின்றபடியே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்தும் புத்திக்கு ஏறவில்லை. மலை நடக்கிறது! லயத்துக் கூரையின் தகரம் ஒரு தடவை மேலே எழும்பி மடிந்தது. அதற்குப் பிறகு லயம் இல்லை, கொட்டில் இல்லை, பீலி இல்லை. பச்சை மண்ணின் வாசம் மட்டும் மூக்கில் ஏறியது. அவர் மறிக்காவிட்டால் நாங்கள் அந்நேரம் அதன் வழியில் ஏறிக்கொண்டிருந்திருப்போம்.

கோயிலில் மிச்சம் இருந்தவர்களும் ஓடி வந்துவிட்டார்கள். அலறல் அடங்குவதற்குள் பாஸ்டர் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். முதலாம் காம்பராவிலிருந்து பதினான்காம் காம்பரா வரை, கைக்குழந்தை உட்பட, ஒவ்வொரு பேராக. இந்தப் பேர்களை எல்லாம் இந்த மனுஷன் எப்போது மனப்பாடம் பண்ணினார்? கோயிலுக்கே வராதவர்களின் பேர்கூட அவர் வாயில் இருந்தது. "இருக்கேன்", "இருக்கேன்" என்று அழுதுகொண்டே பதில் வந்தது. எல்லாம் முடிந்து, "ராணி?" என்றார். கயிறு என் கையில்தான் இருந்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. கடவுள் பக்கத்தில் வந்து நின்றால் வருமே, அந்த மாதிரிப் பயம்.

அதன் பிறகு ஊரே அவரைக் கொண்டாடியது. தீர்க்கதரிசி என்றார்கள், போட்டோ எடுக்க வந்தார்கள். அவர் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார். ராணி அந்தக் கொட்டகையிலேயே கிடாரிக் கன்று போட்டது. ஒரு மாதம் கழித்துக் கோயிலில் நன்றி ஆராதனை வைத்தார்கள். முதல் சாட்சி நான் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் ஒரே பிடி. அதற்கு முந்தின நாள் பின்னேரம் மன்னிப்புக் கேட்கலாம் என்று அவரைத் தேடிப் போனேன். வழக்கம்போல் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். நான் பேசியதற்கெல்லாம் மன்னித்துவிடச் சொல்லி அழுதேன். "விடுங்க அக்கா, அதெல்லாம் நான் மறந்துட்டேன்" என்றார்.

"நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லப் போறேன் பாஸ்டர். தெனமும் மலைக்குப் போயி எங்களுக்காக ஜெபம் பண்ணுனீங்க, அந்த ஜெபத்த ஆண்டவரு கேட்டாருன்னு."

மண்வெட்டியை நிறுத்திவிட்டார். "அப்பிடி மட்டும் சொல்லாதீங்க அக்கா" என்றார். ஏன் என்று கேட்டேன். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "அந்த மலை நிக்கணும்னுதான் நான் கேட்டேன். அது அசையவே கூடாது. நீங்க எல்லாரும் என்னையப் பைத்தியக்காரன்னு ஏசிக்கிட்டு ஒங்க ஒங்க வீட்டுக்கு ஏறிப் போகணும். பயந்தாங்கொள்ளின்னு பேரோட நான் வேற ஊருக்கு மாத்தலாகிப் போகணும். தெனமும் அது ஒண்ணத்தான் கேட்டேன். அவரு குடுக்கல."

நாங்கள் சிரித்த சிரிப்பு, வைத்த பேர், எல்லாவற்றையும் இந்த மனுஷன் வரமாகக் கேட்டுக்கொண்டு மலை ஏறியிருக்கிறார். தான் பொய்யாகிப் போக வேண்டும் என்று முழங்கால் போட்ட ஒருவரை என் ஐம்பது வயதில் நான் பார்த்ததில்லை. அவர் கேட்டது கிடைக்கவில்லை. மலை விழுந்த மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு அதே ஆண்டவருடைய வாசலில்தான் நின்றார்.

நாங்கள் இன்னும் தற்காலிகத் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறோம். புது வீடு வரும் என்கிறார்கள். அந்த நன்றி ஆராதனையில் நான் எழுதி வைத்திருந்த சாட்சியைச் சொல்லவில்லை. எழுந்து நின்றேன், கோயில் நிறையச் சனம். பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எங்க பாஸ்டரு தெனமும் ஒரு ஜெபம் பண்ணுனாரு. ஆண்டவரு அதக் கேக்கல. நாங்க பதினாலு குடும்பமும் உசுரோட இருக்கோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.