சனிக்கிழமை வண்டியில் பிரபஞ்சம்

மலைக்கு வேன் ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் மட்டும்தான் சொந்தம், காது இரண்டும் பயணிகளுடையது. வேனோ ஆட்டோவோ ஓட்டிப் பிழைக்கும் என் சக பாவிகளே, உங்களிடம் அரசியல் பேசுவார்கள், மருமகளைப் பற்றிப் பேசுவார்கள். என்னிடம் பிரபஞ்சம் எப்படி உண்டாயிற்று என்று பேசுகிறார்கள். ஜவ்வாது மலைமேல் பெரிய தொலைநோக்கி வைத்த ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமையானால் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். சொந்தமாகத் தியரி வைத்திருக்கும் ஆட்கள் எல்லாம் அன்றைக்குப் போளூரில் என் வண்டியைப் பிடிப்பார்கள், விஞ்ஞானிகளுக்குப் புத்தி சொல்ல.

அடுப்பு

கணியம்பாடியில் ரைஸ்மில் வைத்திருப்பவர் ஒருவர். அவர் தியரிப்படி ஆதியில் பிரபஞ்சம் ஒரே ஒரு நெல். சூடு ஏற ஏறத் தாங்காமல் ஒரு நொடியில் பொரிந்து, வெள்ளை வெளேரென்று விரிந்துவிட்டது. நட்சத்திரமெல்லாம் பொரி. கருந்துளை என்பது பொரியாமல் அடியில் கருகிய நெல். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான்தான் சும்மா இருக்காமல், "அடுப்ப யாருங்க பத்த வெச்சது?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது வேற தியரிப்பா. இந்தத் தியரில அடுப்பு மொதல்ல இருந்தே எரிஞ்சிக்கினுதான் கீது."

தள்ளாத கொள்கை

படவேட்டில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர் இன்னொருவர். அவருக்கும் மில்காரருக்கும் ஏழாம் பொருத்தம். ஆரம்பம் என்ற ஒன்றே கிடையாது, எல்லாம் எப்போதும் இருந்தது என்பது இவர் கட்சி. ஒரு தடவை மலையேறியதும் சமதளத்தில் டீக்கு நிறுத்தினேன். திரும்ப வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மில்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள இறங்கிவிட்டார். கடைக்காரர் ஜன்னலோரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "சார், ஒரு கை குடுங்க" என்றேன்.

"ஆரம்பமே கெடையாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறவன் நான். நானே தள்ளி ஸ்டார்ட் பண்ணா என் கொள்கை இன்னாத்துக்கு ஆவறது?"

இடம்

இவர்கள் எல்லாம் வாரத்தில் ஒருநாள் கூத்து. சனிக்கிழமையும் சேர்த்து வாரம் முழுக்க எனக்குச் சோறு போடுவது பச்சையம்மா அக்காவும் அவர் கூட்டமும்தான். மலைமேல் இருந்து புளி, சாமை கொண்டுவந்து போளூரில் விற்றுவிட்டுத் திரும்புகிற பெண்கள். அக்கா எந்த வண்டியில் ஏறுகிறாரோ அதில்தான் அத்தனை பேரும் ஏறுவார்கள்.

நிலையத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தியும் சில சனிக்கிழமைகளில் வருவாள். அங்கே அப்படி என்னதான் பார்க்கிறீர்கள் என்று அக்கா கேட்டதற்கு அவள் பொறுமையாகச் சொன்னாள்: பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது, கூட்டம் கூட்டமாக நட்சத்திரங்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகுகின்றன, நடுவில் இடம் பெருகுகிறது. அக்காவின் மடியில் ஒரு மூட்டை, காலடியில் ஒரு மூட்டை, தோளில் யாரோ தூங்குகிற தலை.

"அப்போ குமாரு வண்டி மட்டும் இந்தப் பிரபஞ்சத்துல சேத்தி இல்லியா கண்ணு?"

சாமை

விளையாட்டு வினையானது அடுத்த வாரம். கடைக்காரரை மடக்கியே தீருவதென்று மில்காரர் எழுந்து நின்றார். அக்கா வீட்டுச் சமையலுக்கென்று போளூரில் தோல் நீக்கி எடுத்துவந்த சாமை மூட்டை வாய் திறந்திருந்தது. "இதோ பாருய்யா, இப்டித்தான் வெடிச்சிது!" என்று இரண்டு கையாலும் அள்ளி வீசினார். கியர் பாக்ஸ் வரைக்கும் நட்சத்திர மண்டலம். வண்டியை ஓரங்கட்டிவிட்டு நான் அக்கா முகத்தைத்தான் பார்த்தேன். போளூர் ஸ்டாண்டில் புதிதாக ஒருவன் பாட்டுப் போடுகிற வேன் இறக்கியிருந்தான். அக்கா அதில் ஏறிவிட்டால் நான் வாரம் முழுக்கக் காலி வண்டிதான் ஓட்ட வேண்டும்.

அக்கா மில்காரரை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "ஒலகம் உண்டாவறதுக்கு எங்கூட்டு சாமைதான் கெடச்சிதா? அடுத்த சனிக்கெழமயும் இந்தப் பேச்சு இருந்திச்சின்னா நாங்க பாட்டு வண்டிக்குப் போய்ட்டே இருப்போம் குமாரு."

தடை

அட்டையில் எழுதி மாட்டினேன்: 'இவ்வண்டியில் பிரபஞ்சம் பற்றிப் பேசக் கூடாது.' அந்தச் சனிக்கிழமை மில்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த வண்டியில் இப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். பாதி மலை ஏறியிருப்போம். அக்கா மெல்லக் கனைத்தார்.

"அது சரி, பொரியறதுக்கு முன்னால அந்த நெல்லு எங்கதான் இருந்திச்சி?"

அணை உடைந்தது. மில்காரரும் கடைக்காரரும் ஒரே நேரத்தில் கத்த, பெண்களில் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் அக்கா எல்லோரையும் அடக்கிவிட்டு ஆராய்ச்சிப் பெண்ணைப் பார்த்தார். அவள், "வெடிச்சதுக்கப்புறம் நடந்தது ஓரளவு தெரியும்க்கா. அதுக்கு முன்னாடி என்னன்னு எங்களுக்கும் இன்னும் தெரியல" என்றாள்.

அக்காவின் ஊர் வந்ததும் மூட்டையை இறக்கிக் கொடுத்தேன். "அக்கா, அடுத்த வாரம் பாட்டு வண்டிங்களா?" என்று கேட்டேன். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"அந்தப் பாட்டெல்லாம் எங்க முடியும்னு எனக்கு மனப்பாடம்டா, இங்கதான் இன்னும் ஒண்ணும் முடியல. அந்தப் பொண்ண எம்பக்கத்துல உக்கார வை, அந்த ரெண்டு ஆம்பளையையும் கடைசி சீட்டுல போடு."

பிரபஞ்சம் எப்போது தொடங்கியது என்று அவர்கள் ஆற அமர முடிவு செய்யட்டும், எனக்கு அது சனிக்கிழமை மத்தியானம் போளூர் ஸ்டாண்டில் தொடங்குகிறது, டீசல் என் செலவு.